1986-ல் காலாவதியான 4×5 ஷீட் ஃபிலிம்: நம்ம ஊர்ச் சூட்டில் எப்படிக் கழுவுவது?

குளச்சல்துறை (கேள்வி)

அண்ணன்மாருக்கு வணக்கம். கையில் இருப்பது இல்ஃபோர்டு எஃப்பி4, கறுப்பு வெள்ளை, 4×5 அங்குலம், 25 ஷீட் பெட்டி இரண்டு. ஒன்று பிரிக்காதது. மற்றதில் உள்ளே இருக்கும் கறுப்பு உறை ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி 1986. ஃபிரிட்ஜில் இருந்த சரக்கு இல்லை. மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் தட்டுமேல் மரப்பெட்டிக்குள் கிடந்தது. வினிகர் வாடை எதுவும் இல்லை.

கேமரா 4×5 ஃபீல்டு கேமரா, 150 மிமீ லென்ஸ், மர ஹோல்டர் நான்கு. வட்டக்கோட்டை மதிலையும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் எடுக்கலாம் என்று எண்ணம். கெமிக்கலை மூலப்பொருளாக வாங்கி நானே கலப்பேன்: மெட்டால், ஹைட்ரோகுயினோன், சோடியம் சல்ஃபைட், போராக்ஸ், ஹைப்போ எல்லாம் உண்டு.

கேட்க வேண்டியவை: பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) கூட்டு என்கிறார்களே, அப்படியென்றால் 125 வேகத்தை (ஐஎஸ்ஓ) 8 என்று வைத்து எடுக்கலாமா? டெவலப்பருக்கு (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) டி-76 போதுமா? குழாயில் வரும் தண்ணீர் மதியம் 29 டிகிரி, அதிலேயே கழுவினால் என்ன ஆகும்? டிரேக்குப் பதில் ரப்பர்பால் உறைய ஊற்றுகிற அலுமினிய டிஷ்ஷும், ஸ்டாப் பாத்துக்கு (டெவலப்பர் வேலையை நிறுத்தும் கரைசல்) ரப்பர் கடை ஆசிட்டும் வீட்டில் கிடக்கிறது. பயன்படுத்தலாமா?

வேளிமலை

பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் என்ற கணக்கை ஓரமாக வையுங்கள் தம்பி. அது குளிர்ந்த ஊரில் அலமாரியில் இருந்த ஃபிலிமுக்கு யாரோ சொன்ன குத்துமதிப்பு. ஓட்டுக்கூரைக்கு அடியில் 40 வருஷம் வெந்த ஃபிலிமுக்கு அது பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். ஒரே ஒரு ஷீட்டை வெட்டிப் பார்த்தால் ஃபிலிமே பதில் சொல்லிவிடும்.

முதலில் என்ன கெட்டிருக்கும் என்று புரிந்துகொண்டால் மீதி எளிது. பழைய ஃபிலிமில் இரண்டு காரியம் தனித்தனியாக நடக்கிறது. ஒன்று, வெளிச்சமே படாத வெள்ளி உப்புத் துகள்களும் டெவலப்பரில் கறுத்துவிடும். அதுதான் ஃபாக், மூட்டம். மற்றது, ஃபிலிமின் வேகம் குறைந்துவிடும். மூட்டம் விழுகிற இடம் நெகட்டிவில் ஆக மெல்லிய பகுதி, அதாவது படத்தின் நிழல். நிழலில் இருக்கும் மெல்லிய விவரமும் மூட்டமும் ஒரே அடர்த்தியில் கலந்துவிட்டால் எந்தக் கெமிக்கலாலும் பிரிக்க முடியாது. அதனால் வெளிச்சத்தை அதிகமாகக் கொடுத்து நிழலை மூட்டத்துக்கு மேலே ஏற்ற வேண்டும். கழுவும் நேரத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்த்தால் கெட்டது. ஒரு கட்டத்துக்குப் பிறகு படத்தைவிட மூட்டம்தான் வேகமாக ஏறும்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் டெவலப்பர் முடிவாக வேண்டும், அப்புறம்தான் ஸ்பீடு டெஸ்ட். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஸ்பீடு பார்த்துவிட்டு, மூட்டம் அதிகம் என்று பிறகு மூட்டத்தை அடக்கும் பென்ஸோட்ரையசோல் சேர்க்கிறார்கள். அது சேர்ந்ததும் வேகம் அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை இறங்கும். பார்த்த டெஸ்ட் வீண்.

மூட்டம் பார்க்க ஒரு ஷீட் போதும். முழு இருட்டில் 5 அங்குல நீளத்தை நான்காக வெட்டுங்கள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குல அகலம் வரும். எஃப்பி4 பான்குரோமாட்டிக், அதாவது எல்லா நிற வெளிச்சமும் அதில் பதியும், சிவப்பு விளக்கும் ஆகாது. அடையாளத்துக்குக் கத்தரிக்கோலால் ஓரத்தில் வெட்டு வையுங்கள்: முதல் துண்டுக்கு வெட்டு இல்லை, இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு இரண்டு, நான்காவதுக்கு மூன்று. விரலால் தடவினாலே எது எது என்று தெரியும்.

பென்ஸோட்ரையசோல் 1 கிராமை 100 மிலி வெந்நீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். பச்சைத் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. மூன்று டம்ளரில் 200 மிலி வீதம் டி-76 ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம். இன்னொன்றில் இந்தக் கரைசல் 1 மிலி, மூன்றாவதில் 3 மிலி. லிட்டருக்கு 5, 15 மிலி என்ற கணக்கு. ஊசி போடும் சிரிஞ்சால் அளந்தால் துல்லியமாக வரும். வெட்டில்லாத துண்டு டெவலப்பருக்கே போகக் கூடாது, நேராக ஃபிக்ஸர் (கறுக்காத வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்கும் கரைசல்). மற்ற மூன்றும் தத்தம் டம்ளரில் 24 டிகிரியில் 6 நிமிடம், பிறகு ஃபிக்ஸர்.

இனி விளக்கைப் போடலாம். வெறும் ஃபிக்ஸரில் போன துண்டு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அதுதான் ஒப்பிடும் அளவுகோல். அளக்க டென்சிட்டோமீட்டர் தேவையில்லை. டிஜிட்டல் கேமராவை ஸ்பாட் மீட்டரில், அப்பர்ச்சரை நிலையாக வைத்து, ஒரே சீரான வெள்ளை வெளிச்சத்தின் முன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். தெளிந்த துண்டுக்கு 1/250 காட்டி, இன்னொன்றுக்கு 1/60 காட்டினால் வித்தியாசம் இரண்டு ஸ்டாப். ஒரு ஸ்டாப்புக்கு 0.3 அடர்த்தி, ஆக மூட்டம் 0.6.

0.3, 0.4 வரை ஒன்றும் கவலை இல்லை. 0.6, 0.7 என்றால் பென்ஸோட்ரையசோலோடு நல்ல நெகட்டிவ் கிடைக்கும். 1.0-ஐத் தாண்டினால் பிரிண்ட் போட எக்ஸ்போஷர் நீண்டுகொண்டே போகும், ஸ்கேன் ஒன்றே வழி.

அப்புறம் ஸ்பீடு. ஒரு ஷீட்டை ஹோல்டரில் போட்டு, நிழலும் வெயிலும் இருக்கும் கல் சுவர் ஒன்றை நோக்கிக் கேமராவை வையுங்கள். 64 வேகத்துக்கு மீட்டர் சொல்லும் நேரம் ஒரு பங்கு என்று கொள்ளுங்கள். டார்க் ஸ்லைடை (ஹோல்டரை மூடும் தகடு) முழுக்க இழுத்து ஒரு பங்கு கொடுங்கள். ஸ்லைடைக் கால்வாசி உள்ளே தள்ளி இன்னொரு பங்கு. அரைவாசி தள்ளி இரண்டு பங்கு. முக்கால்வாசி தள்ளி நான்கு பங்கு. நான்கு பட்டையிலும் மொத்தம் 1, 2, 4, 8 பங்கு விழுந்திருக்கும், அதாவது 64, 32, 16, 8 வேகம். ஸ்லைடின் மேல் பென்சிலால் முன்கூட்டியே கோடு போட்டு வைத்தால் தடுமாற்றம் வராது. முடிவு செய்த டெவலப்பரில் கழுவி, நிழலில் கல்லின் சொரசொரப்பு எந்தப் பட்டையில் முதலில் பிரிந்து தெரிகிறதோ அதுவே உங்கள் வேகம். சந்தேகமாக இருந்தால் அரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சப் பக்கம் சாயுங்கள். குறைத்துக் கொடுத்த பழைய ஃபிலிமைத் தேற்ற வழியே கிடையாது.

கிழிந்த உறைப் பெட்டியை டெஸ்டுக்கு வையுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: அடுக்கில் மேலே இருக்கும் இரண்டு மூன்று ஷீட்டை நம்ப வேண்டாம், வெளிச்சம் கசிந்திருக்கும். நடுவிலிருந்து எடுங்கள். பிரிக்காத பெட்டியைத் திறந்ததும் அதிலும் ஒன்றைத் துண்டுபோட்டுப் பாருங்கள். ஒரே தேதி, ஒரே மரப்பெட்டி என்றாலும் இரண்டும் ஒரேபோல் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

குழித்துறை

அலுமினிய டிஷ் வேண்டவே வேண்டாம். டெவலப்பர் காரத்தன்மை உள்ளது. காரம் அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் குமிழ் விடும், டெவலப்பரும் கெடும். இரும்புச் சட்டியும் வேண்டாம். பிளாஸ்டிக் டிரே அல்லது கீறல் விழாத எவர்சில்வர் தட்டம் எடுங்கள். 4×5-க்கு 5×7 அல்லது 8×10 அளவு டிரே வசதி.

ரப்பர் கடை ஆசிட் பெரும்பாலும் பார்மிக் ஆசிட். அதையும் தொட வேண்டாம். கையைப் புண்ணாக்கும், இருட்டறையில் ஆவி தாங்காது, மிச்சம் ஃபிக்ஸரில் கலந்தால் ஹைப்போவிலிருந்து கந்தகம் பிரிந்து பால்போல் ஆகிவிடும். ஸ்டாப் பாத்துக்குச் சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு 15 கிராம் போதும். பலசரக்குக் கடையில் கிடைக்கும். வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசினாலும் குறை சொல்ல முடியாது.

இனிச் சூடு. 29 டிகிரியில் இரண்டு கெடுதல். டி-76-க்கு நேரம் மூன்று, நான்கு நிமிடத்துக்குள் சுருங்கும், ஷீட் முழுக்கச் சீராகக் கழுவ நேரம் போதாது, மூட்டமும் ஏறும். அதைவிட மோசம், ஃபிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் ஊறி மெத்தென்று ஆகிவிடும். நகம் பட்டால் வழியும், ஓரத்தில் தோல்போலச் சுருண்டு பிரியும். பழைய ஜெலட்டின் எப்படி நடந்துகொள்ளும் என்று ஷீட்டுக்கு ஷீட் மாறும், அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஆனால் 20 டிகிரிக்கு இறங்கவும் அவசியம் இல்லை. எல்லாவற்றையும் 24-ல் நிறுத்துங்கள். இன்றைய எஃப்பி4 பிளஸ்ஸுக்கு டி-76 நேர்க்கரைசலில் (தண்ணீர் சேர்க்காதது) 20 டிகிரிக்கு எட்டரை நிமிடம், 24-க்கு ஏறக்குறைய 6 நிமிடம். பழைய எஃப்பி4-க்கும் அங்கிருந்தே தொடங்கலாம். ஐஸைக் கரைசலுக்குள் போடாதீர்கள், அளவு நீர்த்துவிடும். பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதற்குள் டிரேயை வையுங்கள். வெளித் தண்ணீர் 5 லிட்டர், டெவலப்பர் 1 லிட்டர், 29-லிருந்து 24-க்கு வர ஐஸ் கணக்குப்படி 300 கிராம்தான் செலவாகும். டிரே, தாம்பாளம், அறைச் சூடு எல்லாம் தின்றதுபோக அரைக்கிலோ எடுத்து வைத்தால் ஒரு தடவைக்குச் சரியாக இருக்கும். குளச்சல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், ஐஸ் பிளாண்டில் உடைத்த ஐஸ் கிடைக்கும். மீன் ஐஸ் வெளித் தாம்பாளத்துக்கு மட்டும், உப்பும் அழுக்கும் இருக்கும்.

டெவலப்பர், ஸ்டாப், ஃபிக்ஸர் மூன்றும் ஒரே சூட்டில். ஃபிக்ஸருக்குப் பிறகு தண்ணீரில் அலசும்போது ஒரேயடியாக 29-க்குத் தூக்கக் கூடாது. 24-லிருந்து 26, 27 உள்ள ஒரு தட்டம், அப்புறம் குழாய்த் தண்ணீர். சட்டென்று சூடு மாறினால் ஜெலட்டின் காய்ந்த வயல்போல வெடித்து நெய்த துணி மாதிரிக் கோடு விழும். ஒருமுறை விழுந்தால் போகாது.

ஐஸ் கிடைக்காத நாளுக்கு வேறு வழி: டெவலப்பரில் சோடியம் சல்ஃபேட். நீரற்ற தூள், 24 முதல் 27 டிகிரி வரை லிட்டருக்கு 50 கிராம், 29, 30 வரை 75 கிராம். ஜெலட்டின் ஊறுவதைத் தடுக்கும், கழுவும் நேரமும் நீளும். நேரத்தைத் துண்டுபோட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். சல்ஃபைட், சல்ஃபேட், தயோசல்ஃபேட் மூன்றும் மூன்று பொருள். சல்ஃபைட் டெவலப்பரைக் காப்பது, சல்ஃபேட் ஊறலைத் தடுப்பது, தயோசல்ஃபேட் ஹைப்போ. மூன்றுமே வெள்ளை, டப்பாவில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இருந்தாலும் மூட்டம் உள்ள ஃபிலிமுக்கு ஐஸ்தான் என் முதல் தேர்வு.

டி-76 ஒரு லிட்டருக்கு: 50 டிகிரித் தண்ணீர் 750 மிலி, மெட்டால் 2 கிராம், சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2, மீதி பச்சைத் தண்ணீர். மெட்டால்தான் முதலில். சல்ஃபைட் முழுவதும் போட்ட பிறகு மெட்டால் போட்டால் கரையாமல் வெள்ளையாக மிதக்கும். ஒரு சிட்டிகை சல்ஃபைட் மட்டும் முன்னால் போடலாம், மெட்டால் பழுப்பாகாது. ஒரு ராத்திரி ஆறவிட்டு மறுநாள் எடுங்கள். மெட்டால் சிலருக்குக் கையில் சொறி வரவைக்கும், கையுறை போடுங்கள்.

கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு உண்டு. டெவலப்பரை ஆர்ஓ கேன் தண்ணீரில் கலக்குங்கள்.

ஃபிக்ஸர் நம்ம சூட்டுக்குப் படிகாரம் சேர்ந்தது நல்லது, ஜெலட்டினை இறுக்கும். கோடாக்கின் எஃப்-5 சேர்மானம், ஒரு லிட்டருக்கு: வெந்நீர் 600 மிலி, ஹைப்போ 240 கிராம், சல்ஃபைட் 15, கிளேசியல் அசிட்டிக் 13 மிலி (முன்கூட்டியே 35 மிலி தண்ணீரில் கலந்தது), போரிக் ஆசிட் 7.5 கிராம், படிகாரம் 15 கிராம். இதே வரிசையில், ஒன்று முழுக்கக் கரைந்த பிறகு அடுத்தது. சல்ஃபைட் கரையும் முன் ஆசிட் விழுந்தால் கந்தகம் பிரியும். சலூன் கடைக் கட்டிப் படிகாரமும் இதே பொருள்தான், பொடித்துச் சுத்தமானதை எடுங்கள். ஹைப்போ கரையும்போது தண்ணீர் தானாகவே சில்லென்று ஆகும், அதற்காகத்தான் வெந்நீரில் தொடங்குவது.

ஒரு கழிவு ஷீட் துண்டு தெளிய எத்தனை நிமிடம் என்று பாருங்கள், அதன் இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்யுங்கள். பழைய ஃபிலிம் தெளியக் கொஞ்சம் தாமதிக்கும். பால்போல் திட்டு இருந்தால் திரும்ப ஃபிக்ஸரில் போடலாம், கெடுதல் இல்லை. பிறகு தண்ணீரில் அலசுவது அரைமணி. கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது, கிணற்றுப் பக்கமோ குளத்திலோ கொட்டாதீர்கள்.

தேரேகால்

இவ்வளவு பாடு எதற்கு? ரோடினால் டெவலப்பர், 1-க்கு 100 தண்ணீர், ஒரு மணிநேரம் அசைக்காமல் விடுங்கள். வேகம் என்னவாக இருந்தாலும் அதுவே சரிக்கட்டிக்கொள்ளும். பழைய ஃபிலிமுக்கு எல்லோரும் செய்வது இதுதான்.

வேளிமலை

@தேரேகால் தம்பி, நல்ல ஃபிலிமில், வெளிச்சம் கடுமையாக உள்ள காட்சிக்கு அந்த முறை பொருந்தும். மூட்டம் உள்ள ஃபிலிமுக்கு நேர் எதிர். ஒரு மணிநேரம் கிடந்தால் வெளிச்சம் பட்ட இடத்தில் டெவலப்பர் களைத்து நின்றுவிடும், வெளிச்சம் படாத மூட்டத் துகளுக்கு மட்டும் நிதானமாக வேலை நடந்துகொண்டே இருக்கும். படத்தின் காண்ட்ராஸ்ட் குறையும், மூட்டம் ஏறும். இந்த ஃபிலிமில் ஏற்கெனவே காண்ட்ராஸ்ட்தான் பஞ்சம். நம்ம ஊரில் அந்த ஒரு மணிநேரத்தில் டிரே சூடும் அறைச் சூட்டுக்கு ஏறிவிடும். அசையாத டிரேயில் வானத்தில் கறைபோலப் பட்டை விழுவது இன்னொரு தொல்லை.

வேண்டியது வீரியமான, குறுகிய நேரக் கழுவல். ஹெச்சி-110 டெவலப்பர் கிடைத்தால் டி-76-ஐவிட மூட்டம் குறைவு. டி-76-ல் மூட்டம் 0.8-க்கு மேல் போனால் டி-19 கலந்து பாருங்கள்: மெட்டால் 2 கிராம், சல்ஃபைட் 90, ஹைட்ரோகுயினோன் 8, நீரற்ற சோடியம் கார்பனேட் 45, பொட்டாசியம் புரோமைடு 5, ஒரு லிட்டருக்கு. புரோமைடு கூடுதலாக இருப்பதால் மூட்டத்தை அடக்கும், காண்ட்ராஸ்டும் நன்றாக ஏறும். 20 டிகிரியில் 5 நிமிடத்திலிருந்து சோதிக்கலாம். துகள் கொஞ்சம் தெரியும். 4×5-ல் அது குறையே அல்ல. டி-19 பயன்படுத்தினால் ஸ்டாப் பாத் வெறும் தண்ணீர் போதும். கார்பனேட்டோடு கடும் ஆசிட் சேர்ந்தால் ஜெலட்டினுக்குள் வாயுக் குமிழ் வந்து ஊசித்துளை விழும்.

படம் எடுப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. வட்டக்கோட்டையில் காலை எட்டு, ஒன்பது மணிச் சாய்வெயில் மதிலில் விழும்போது எடுங்கள். கருங்கல்லின் ஒவ்வொரு உளித்தடமும் தனித்தனி நிழலாக நிற்கும். இந்த ஃபிலிம் கேட்பது அந்த மாதிரி வெளிச்சத்தைத்தான். மூடாப்பு வானம், மழைக்காட்டு இருட்டு, மண்டபத்தின் உட்புறம் எல்லாம் வேண்டாம். மாத்தூரில் தூணுக்குக் கீழே பரளியாற்றங்கரை மரநிழலிலிருந்து மேலே பார்த்து எடுப்பதைவிட, வெயில் பட்ட தூண் வரிசையைப் பக்கவாட்டில் எடுப்பது நல்லது.

வேகம் 12 என்று வந்தால் நல்ல வெயிலில் எஃப் 22-க்கு 1/6 நொடி. மஞ்சள் ஃபில்டர் போட்டால் 1/3. கடற்கரைக் காற்று கேமராவின் மடிப்புத் துருத்தியை (பெல்லோஸ்) துணிபோல ஆட்டும். ஆடி மாதத்தில் போகாதீர்கள், போனால் குடையை மறைப்பாகப் பிடியுங்கள். நிழலில் நேரம் ஒரு நொடியைத் தாண்டினால் ரெசிப்ராசிட்டி திருத்தம் (நீண்ட நேரத்தில் ஃபிலிம் மந்தமாவதற்கு ஈடு) வேண்டும். எஃப்பி4 பிளஸ்ஸுக்கு இல்ஃபோர்டு கொடுத்த அடுக்கு 1.26, மீட்டர் நேரத்தை அந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அதன்படி 4 நொடி 6 ஆகும், 10 நொடி 18, 30 நொடி 73. பழைய ஃபிலிமுக்கும் இதிலிருந்து தொடங்குங்கள்.

ஓரத்தில் முக்கியமானதை வைக்காதீர்கள். பெட்டிக்குள் காற்றும் ஈரமும் முதலில் ஓரத்தைத்தான் பிடிக்கும், நான்கு ஓரமும் அரை சென்டிமீட்டர் வரை கறுத்து வரலாம். ஒரே ஒரு பக்கம் மட்டும் கீற்றுப்போலக் கறுத்திருந்தால் அது வயதின் வேலை அல்ல, மர ஹோல்டரின் வெல்வெட் பட்டி தேய்ந்து வெளிச்சம் விடுகிறது. ஹோல்டருக்கு நம்பர் எழுதி, எந்த ஷீட் எதில் இருந்தது என்று குறித்துவைத்தால் உடனே பிடிபடும்.

ஹோல்டரில் ஏற்றும்போது ஃபிலிமை நெடுக்காகப் பிடித்து, ஃபாக்டரியில் போட்ட ஓர வெட்டு வலது மேல் மூலையில் கையில் பட்டால், ஜெலட்டின் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். வியர்வைக் கையோடு வேண்டாம். விரல் ரேகை அப்படியே பதியும், ஈரத்தில் ஷீட்டோடு ஷீட் ஒட்டும். விடியற்காலை, ஃபேன் நிறுத்திய அறை, உலர்ந்த கை. ஒட்டிய இரண்டு ஷீட்டைப் பிய்க்காதீர்கள். இருட்டிலேயே தண்ணீரில் ஊறவிட்டால் சிலசமயம் பிரியும்; ஜெலட்டின் உரிந்து வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். பூஞ்சணம் தின்ற புள்ளிக்கும் மருந்தில்லை.

கழுவும்போது முதலில் 24 டிகிரி வெறும் தண்ணீரில் 2 நிமிடம் ஊறட்டும். தண்ணீரில் சாயம் இறங்கினால் பயப்பட வேண்டாம். தொடக்கத்தில் ஒரு டிரேயில் ஒரே ஷீட். பழகிய பிறகு நான்கு. அடியில் இருப்பதை உருவி மேலே வைத்து, உள்ளங்கையால் மெல்ல அமுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி. மேலிருக்கும் ஷீட்டின் மூலை கீழிருப்பதைக் கீறும், இந்த முறையில் பெரும்பாலான சேதம் அங்கேதான்.

மணல்மேடு

எல்லோரும் சூட்டையே பேசுகிறீர்கள். பெட்டி கிடந்த இடத்தைக் கவனியுங்கள்: மணவாளக்குறிச்சி. அங்கே கரிமணலில் மோனசைட் உண்டு. அதில் 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடு. அந்தக் கரையோரத்தில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு. காமா கதிர் அட்டைப்பெட்டியையும் மரப்பெட்டியையும் சுவரையும் தாண்டி வரும், ஃபிலிமைப் பொறுத்தவரை அதுவும் வெளிச்சம்தான். 1896-ல் பெக்கரல் யுரேனியத்தின் கதிரைக் கண்டுபிடித்ததே கறுப்புத் தாளில் சுற்றிய போட்டோத் தட்டு கறுத்ததை வைத்து.

இதில் நடைமுறைக்கு வேண்டியது மூன்று. கதிரால் வரும் மூட்டம் ஷீட் முழுக்க ஒரே சீராக இருக்கும். ஈரத்தால் வருவது ஓரத்தில் தொடங்கும், திட்டுத்திட்டாகும். இரண்டாவது, வேகம் கூடின ஃபிலிம்தான் கதிரில் முதலில் அடிபடும். 125 வேக எஃப்பி4 என்பது உங்களுக்கு நல்ல காலம், 400 வேகம் என்றால் நிலைமை வேறு. மூன்றாவது, ஃபிரிட்ஜ் சூட்டு மூட்டத்தைத்தான் நிறுத்தும், கதிரை நிறுத்தாது. மெல்லிய ஈயத்தகடும் இதற்குப் போதாது. மீதி ஷீட்டைக் கரையை விட்டு உள்ளே தக்கலையிலோ தோவாளையிலோ தெரிந்தவர் வீட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் காற்றுப்புகாமல் சுற்றி, சிலிக்கா ஜெல் போட்டு. எடுக்கும்போது அறைச் சூட்டுக்கு வர மூன்று மணிநேரமாவது விட்டுத்தான் உறையைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஷீட் வியர்க்கும்.

குளச்சல்துறை

எல்லோருக்கும் நன்றி. கிழிந்த பெட்டியின் நடுவிலிருந்து ஒரு ஷீட் வெட்டியாயிற்று. 24 டிகிரி, 6 நிமிடம். வெறும் ஃபிக்ஸர் துண்டு 1/250. வெறும் டி-76 துண்டு 1/50. 1 மிலி சேர்த்தது 1/80. 3 மிலி சேர்த்தது 1/100. ஓரத்தில் 4 மிமீ அளவுக்குக் கறுப்பு, மற்றபடி மூட்டம் ஒரே சீர். 3 மிலி அளவையே எடுத்துக்கொள்ளலாமா?

வேளிமலை

வெறும் டி-76-ல் இரண்டே கால் ஸ்டாப்புக்கு மேல், அதாவது 0.7. ஒரு மிலி 0.5-க்கு இறக்கியிருக்கிறது, மூன்று மிலி 0.4. முதல் மிலி தந்த லாபம் 0.2, அதற்குமேல் இரண்டு மிலி ஊற்றியும் கிடைத்தது 0.1 மட்டும். அந்த 0.1-க்காக வேகத்தை மேலும் இழக்க வேண்டாம். லிட்டருக்கு 5 மிலி என்று நிறுத்துங்கள். 1 லிட்டர் டெவலப்பரில் நான்கு ஷீட் கழுவிக் கொட்டிவிடுங்கள், திரும்ப ஊற்ற வேண்டாம்.

ஸ்பீடு டெஸ்டை இந்தக் கலவையில் 64, 32, 16, 8 என்றே செய்யுங்கள். மூட்டம் ஒரே சீர் என்பது @மணல்மேடு சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஓரம் 4 மிமீ என்றால் கண்ணாடித் திரையில் பென்சிலால் 5 மிமீ உள்ளே ஒரு சட்டம் வரைந்துகொண்டு அதற்குள் படத்தை அமையுங்கள்.

குழித்துறை

உலர்த்துவதை யாரும் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஆறு மணிநேரம் ஆனாலும் ஷீட் காயாது. ஃபேன் போடாதீர்கள், தூசி ஒட்டும். குளியலறையில் வெந்நீர்க் குழாயை ஒரு நிமிடம் திறந்து ஆவி படியவிட்டால் தூசி அடங்கும். அப்புறம் ஒரு மூலையில் கிளிப் மாட்டிச் சாய்வாகத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, காலையில் எடுங்கள்.